போர் அடிக்கும் முன் அளந்து பாருங்கள்

சிலிண்டருக்குப் போர் அடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். கோவை கணபதியில் லேத்தும் போரிங் மெஷினுமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த நானே கேட்டுக்கொள்கிறேன்: பழைய புல்லட் புகை தள்ளுகிறது என்றதும் பிளாக்கைக் கழற்றிப் போருக்கு அனுப்பிவிடாதீர்கள். என்னிடம் வரும் பிளாக்குகளில் பலவற்றுக்கு, முறையாகப் புது ரிங் போட்டாலே போதும்.

புகையிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும். மேடேறும்போது, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து, மறுபடி முறுக்கியதும் குப்பென்று ஒரு தரம் புகைத்தால் பெரும்பாலும் வால்வு கைடு தேய்ந்திருக்கும். அதற்குப் போய் சிலிண்டரை வெட்டி என்ன பயன்?

புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. 1950-களின் நடுவில் சென்னையில் உற்பத்தி தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாக வந்த வண்டிகளில் அந்த சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு போருக்கும் கால் மி.மீ., அரை மி.மீ. என்று அந்த இரும்பு சுருளாக என் மெஷினடியில் விழுகிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும் வரைதான் இப்படி வெட்டிக்கொண்டே போகலாம். அதற்கப்புறம் லைனர் இறக்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பேட்டையில் யாரோ கழித்துப்போட்ட பிளாக்கைத் தேடி அலைய வேண்டும்.

அண்மையில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி, தாத்தா ஓட்டிய வண்டியின் பிளாக்கைப் பழைய பிஸ்டனோடு சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். “ஓவர்சைஸ் பிஸ்டனே வாங்கியாச்சுங்ண்ணா, போர் மட்டும் அடிச்சுக் குடுங்க” என்றார்.

“மெக்கானிக் அளந்து பார்த்தாருங்களா?”

“நகத்தை வச்சுப் பார்த்தாருங்ண்ணா. தட்டுதுன்னாரு.”

நகத்தில் தட்டுவது மேல்விளிம்புத் திட்டு. மேல் ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்பதால் நன்றாக ஓடிய எந்த சிலிண்டரிலும் அது இருக்கும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நகம் சொல்லாது. போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம் வைத்துப் பார்த்தேன். அதிகத் தேய்மானம் 0.07 மி.மீ. 0.1-க்குள் இருந்து, கீறலும் இல்லையென்றால் நான் போர் அடிப்பதில்லை. பழைய பிஸ்டனும் அளவில் நின்றது. வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டர்டு ரிங் செட் வாங்கி வரச் சொன்னேன்.

ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே மாட்டுவதையும் நான் ஒப்பமாட்டேன். அதைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி மட்டமாக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 70 மி.மீ. சிலிண்டருக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. இருக்க வேண்டும். பலர் இதைக் கைக்கு எட்டும் மேல்பகுதியிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். சிலிண்டர் தேய்ந்து அகன்றிருப்பதே அங்கேதான். விட்டத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 0.3-க்கும் மேல். மேலே சரியாக 0.3 காட்டிய ரிங், தேயாத அடிப்பகுதிக்கு இறங்கும்போது வாயோடு வாய் முட்டிவிடும். சூட்டில் இன்னும் விரியும். விரிய இடமில்லாத ரிங் சுவரைக் கீறும், அல்லது உடையும். ஆகவே ரிங் ஓடும் தூரத்தின் அடிமட்டத்தில்தான் அளக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் ராவ வேண்டும். மேல்விளிம்புத் திட்டையும் எடுத்துவிட வேண்டும். புது ரிங்கின் கூரான விளிம்பு அதில் மோதினால் தாங்காது.

பிஸ்டன் காடியில் கரி இருக்கவே கூடாது. ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. எரியும் வாயு காடிக்குள் புகுந்து பின்னாலிருந்து அதைத் தள்ளுகிறது. கரி அடைத்த காடியில் அதற்கு வழியில்லை. சுரண்டுவதற்கு உடைந்த பழைய ரிங்கின் முனையே போதும்.

பிறகு ஹோனிங். வழவழத்துப் போன சுவரில் புது ரிங் படியாது. குறுக்குமறுக்காக மெல்லிய கோடுகள் வேண்டும், அவற்றில் ஆயில் நிற்கும். அதற்கடுத்த வேலையைத்தான் அவசரத்தில் கோட்டை விடுகிறார்கள். ஹோனிங் கல்லின் பொடி பெட்ரோலில் கழுவினால் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்க வேண்டும், ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஏறாத வரைக்கும். ஈரம் காய்ந்ததும் உடனே ஆயில் பூச வேண்டும். வார்ப்பிரும்பு கண்முன்னே துருப்பிடிக்கும்.

வண்டியைக் கிளப்பிய பிறகு பொறுப்பு உரிமையாளருடையது. ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம் ஐடிலிங்கில் விட்டு அழகு பார்க்கிறார்கள். சுமை இல்லாத எஞ்சினில் ரிங் படியாது. சுவர்தான் மறுபடி வழவழத்துப் போகும். எஞ்சின் சூடேறியதும் ரோட்டில் எடுத்து, மூன்றாம் கியரில் அளவாக முறுக்கி விடுவதும் குறைப்பதுமாக ஓட்டுங்கள். மருதமலை ரோடு போல லேசான ஏற்றம் நல்லது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புகை மறுபடி வந்தால் திட்டு வாங்குபவர் அவர். போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டால் அவருக்குப் பயமில்லை. அளப்பதற்கோ யாரும் காசு தருவதில்லை. பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடிக்க ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், ஒரு மணி நேரம் கேஜ் பிடிப்பதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இது மாற வேண்டும்.

2021-இல் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவும் ‘விஏ’ வரிசை எண்ணும் கொண்டுவந்தது. அசல் என்றால் ஹெட்லைட்டும் டேங்கும் மட்டுமா? உள்ளே இருக்கும் இரும்பும் அசல்தான்.

அளக்கும் கூலியை இப்போது தனியாகவே வாங்குகிறேன். போர் தேவையில்லை என்று முடிவானால் பில் அதோடு சரி. ஆறு இடத்து அளவையும், ரிங் வாய் இடைவெளியையும், தேதியையும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். உங்கள் ஊர்ப் பட்டறையிலும் அப்படி ஒரு சீட்டு கேட்டு வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த தடவை எஞ்சினைப் பிரிப்பவருக்கு, எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பது தெரியட்டும்.