நோயாளி மோசமாகிறார், கவனிப்பது யார்?

ஆஸ்பத்திரிகளில் நேரும் 'திடீர்' மரணங்கள் பலவும் உண்மையில் திடீரென்று நேருபவை அல்ல. இருதயம் நின்றுபோவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு வேகம் கூடுகிறது, நாடித் துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. இவற்றைக் குறித்துக்கொள்ளாததும், குறித்த பிறகும் டாக்டரை அழைக்காததுமே ஆபத்து.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் 2012-ல் இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தது. மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் சூடு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விட்டால் பூஜ்யம். 25-ஐ எட்டினால் 3. மொத்தம் 5 ஆனால் டாக்டர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் அவசர நிலை.

கணக்கு மட்டும் போதாது என்பதையும் அந்த நாடே உணர்ந்தது. 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி ரத்தத்தில் நச்சேறி இறந்தாள். பெற்றோரின் கவலைக்கு யாரும் செவிசாய்க்கவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி 2022-ல் கூறினார். இதன் பலனாக, உறவினரே வேறொரு மருத்துவக் குழுவை அவசரமாக அழைக்க வகைசெய்யும் 'மார்த்தா விதி' 2024 முதல் இங்கிலாந்தில் அமலாகி வருகிறது.

நம் நாட்டு நிலை என்ன? பொது ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். நெரிசல் மிகுந்த வார்டுகளில் அது ஏட்டளவில்தான். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், வேறு டாக்டரின் கருத்தைப் பெறும் உரிமையை அளிக்கிறது. நல்லதே. ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது யாரைக் கூப்பிடுவது?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் குறுக்கே நிற்கிறது. "அப்பா ஏதோ மாதிரி இருக்கிறார்" என்ற தமிழ் வார்த்தையின் பதைப்பு எல்லா வார்டிலும் புரிந்துவிடாது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, நேரத்தோடு எழுதி நர்ஸிடம் காட்டலாம்.

எனினும் பொறுப்பு உறவினருடையது அல்ல. கட்டிலுக்குக் கட்டில் மதிப்பெண் அட்டை, சுவரில் ஓர் அவசர அழைப்பு எண், அழைத்தால் வரும் டாக்டர்: இம்மூன்றையும் மாநில அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். நம் நாட்டில் கட்டிலருகே இரவு பகலாகக் கண் விழிக்க உறவினர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே குறை.