குடல் தானே ஆறுது, பில் மட்டும் ஏன் நமக்கு வருது?

"பி.காம் படிக்கிற பையனுக்குக் குடலைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: கணக்கில் ஒரு வரவு எழுதியிருந்தால், வவுச்சர் எங்கே என்று கேள். அதைக் கேட்பதற்கு எம்.பி.பி.எஸ் தேவையில்லை :-)

இந்தப் பதிவில் நான் வவுச்சர் கேட்கப் போவது "குடலைச் சரிபண்ணும்" பவுடர்காரர்களிடம்.

யூட்யூபைத் திறந்தால் வந்து நிற்கிறார்கள். உங்கள் குடல் சுவரில் ஓட்டையாம். அதனால்தான் முடி கொட்டுகிறதாம், மூட்டு வலிக்கிறதாம், படித்தது மறந்துபோகிறதாம். (மறதிக்குக் காரணம் குடல் என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் குடலே இருக்காது!) இந்தப் பவுடரை ஏழே நாள் குடித்தால் குடல் சுவர் புதுசாகிவிடுமாம்.

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா மக்களே? ஏழு நாளில் குடல் சுவரின் உள்தோல் புதுசாகும் என்பது உண்மை. பவுடர் குடித்தாலும் ஆகும். குடிக்காமல் குப்புறப் படுத்துத் தூங்கினாலும் ஆகும்.

கொஞ்சம் அறிவியலுக்குள் போவோம், பயப்படாதீர்கள். நம் குடலின் உட்பக்கத்தை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். உணவுக்கும் கிருமிகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி அது. வாயிலிருந்து ஆசனவாய் வரை பரப்பளவு ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்கும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்து பார்த்து, சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதுவும் சின்ன இடம் இல்லை. அந்த உள்தோலை உடம்பு 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய செல்கள் உதிர்ந்து மலத்தோடு போகின்றன. புதியவை கீழே குழிகளில் பிறந்து மேலே ஏறி வருகின்றன.

காயம் பட்டால் என்ன நடக்கும்? மூன்று கட்டம். முதலில், காயத்தின் ஓரத்தில் இருக்கும் செல்கள் தட்டையாகி, நகர்ந்துபோய் இடைவெளியை மூடுகின்றன. இது சில நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும். வீட்டுக் கூரை பறந்துபோனால் முதலில் தார்ப்பாய் போடுவோமே, அதுபோல. இரண்டாவது, குழிகளில் இருக்கும் தண்டு செல்கள் பிரிந்து புதிய செல்களை உருவாக்குகின்றன. மூன்றாவது, அந்தப் புதிய செல்கள் உணவை உறிஞ்சவும் சளியைச் சுரக்கவும் தேர்ச்சி பெறுகின்றன.

அந்தத் தண்டு செல்கள் எவை என்று ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் தேடினார்கள், சண்டையும் போட்டார்கள். 2007-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு, எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடித்தது. 2009-ல் அதே குழுவில் இருந்த தோஷிரோ சாத்தோ அப்படிப்பட்ட ஒற்றைச் செல்லை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அது குழியும் மேடுமாக ஒரு குட்டிக் குடலாகவே வளர்ந்தது! 2011-ல் இன்னொரு ஆச்சரியம். எலிகளில் இந்த எல்ஜிஆர்5 செல்களையே அழித்துப் பார்த்தார்கள். குடல் அசரவில்லை. வேறு செல்கள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. மேனேஜர் லீவு போட்டாலும் கடை திறந்திருக்கும் என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்து நாளில் உடம்பு ஒரு வேலையைச் செய்கிறது. ஏழு நாள் பவுடர் குடிக்கச் சொல்கிறவர், "பாத்தீங்களா, புதுசாயிடுச்சு" என்று அந்த வேலையைத் தன் வரவில் எழுதிக்கொள்கிறார். இதற்குப் பெயர் மருத்துவமா? எங்கள் பாடத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது, பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும்.

அடுத்த வித்தை இன்னும் நுட்பமானது. ஒருவர் பவுடரை எப்போது வாங்குவார்? வயிறு ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான். வயிற்றுத் தொல்லைகள் பெரும்பாலும் ஏறி இறங்கும் ரகம். உச்சத்தில் இருந்து கீழே இறங்கத்தானே வேண்டும்? இறங்கியதும் பெயர் பவுடருக்கு. பவுடர் குடிக்காத நூறு பேர் அதே ஏழு நாளில் எப்படி இருந்தார்கள் என்ற ஒப்பீடுதான் இங்கே வவுச்சர். அதை மட்டும் அவர்கள் காட்டவே மாட்டார்கள். விளம்பரத்தில் "மதுரையிலிருந்து ஒரு சகோதரி" பேசுவார், அவ்வளவுதான்.

"குளுட்டமின் குடல் செல்லுக்கு எரிபொருள், இது அறிவியல்" என்று பதில் வரும். எரிபொருள் என்பது சரிதான். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், தொற்றுக்குப் பின் வரும் ஒருவகைக் குடல் எரிச்சல் நோயில் அது பலன் தந்ததும் உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளிக் கூட்டத்துக்குக் கிடைத்த பலனை முடி கொட்டுகிறவன், மூட்டு வலிக்காரர் எல்லோருக்கும் விற்பது எப்படி நியாயம்? "இயற்கையானது, கெடுதலே இல்லை" என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2013-ல், பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் இருந்த 1,223 பேரிடம் நடந்த சோதனையில் குளுட்டமின் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் அதிகம். அவர்கள் நிலை வேறு, நம் நிலை வேறு. ஆனால் "யாருக்குக் கொடுத்தாலும் நல்லதுதான்" என்ற வசனம் அங்கேயே செத்துவிட்டது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் உணவுப் பொருட்கள், மருந்து அல்ல. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் குடலையே மாற்றுவேன் என்கிறது, பின்பக்கம் நான் மருந்தே இல்லை என்கிறது. எந்தப் பக்கத்தை நம்பி நாம் காசு கொடுக்கிறோம்?

சும்மா காசு போகிறது என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். ஆயிரம் ரூபாய் டீ-ஷர்ட் வாங்கும் கூட்டம்தானே நாம். பிரச்சினை வேறு.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் அக்காவுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண். மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். யாரோ சொன்னார்கள் என்று பவுடருக்கு மாறி மாத்திரையை நிறுத்தினார். முதல் இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை, "பார்த்தியா" என்றார்கள். மூன்றாம் மாதம் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். இது அபூர்வம் இல்லை. அமைதியாக இருக்கும் இந்த நோயில் மெசலமைன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 5 மடங்குக்கும் மேல் என்று 2003-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது.

குடல் ஆறத் தெரிந்த உறுப்பு. அது ஆறாவிட்டால் காயப்படுத்துவது எது என்றுதான் முதலில் தேட வேண்டும். சீலியாக் நோயாளிக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டனை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே ஆறுகிறது. அடுத்தது நம்ம ஊர் வில்லன், வலி மாத்திரை. 2005-ல் ஆரோக்கியமான 40 பேருக்கு டைக்ளோஃபெனாக் 2 வாரம் கொடுத்து, கேமரா கேப்சூலை விழுங்க வைத்துப் பார்த்தார்கள். 68 சதவீதம் பேருக்குச் சிறுகுடலில் புதிய காயங்கள். கூடவே அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோலும் கொடுத்திருந்தார்கள்! "கேஸ் மாத்திரையும் சேர்த்துப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்வது வயிற்றுக்குச் சரி. அதற்குக் கீழே இருக்கும் சிறுகுடலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காலையில் தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை, இரவில் குடலுக்குப் பவுடர் என்று இருப்பது தண்ணித் தொட்டியின் ஓட்டையை அடைக்காமல் லாரித் தண்ணி வாங்குவதற்குச் சமம்.

நிஜ ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாத்தோவின் குட்டிக் குடல் 2009. அப்படி வளர்த்ததை எலியின் புண்பட்ட பெருங்குடலில் ஒட்ட வைத்து டோக்கியோவின் வட்டனாபே குழு காட்டியது 2012. அதே டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகம் கோலைட்டிஸ் நோயாளி ஒருவருக்கு உலகில் முதல்முறையாக அதைப் பொருத்தியதாக அறிவித்தது 2022 ஜூலை. பதின்மூன்று வருடம், ஒரு நோயாளி. அதன் பிறகும் அவர்கள் முதலில் பார்த்தது பாதுகாப்பானதா என்பதைத்தான்.

ஒரு பக்கம் பதின்மூன்று வருடம் உழைத்துவிட்டு இன்னும் தயங்குகிறவர்கள். இன்னொரு பக்கம் ஏழே நாளில் கேரண்டி கொடுக்கிறவர்கள். தயங்குகிறவரை நம்பாமல் கத்துகிறவரை நம்புவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. பங்குச் சந்தையில் "மாசம் 10 சதவீதம் நிச்சயம்" என்று எவனாவது சொன்னால் பி.காம் படிக்கிற நாம் ஓடிவிட மாட்டோமா? வயிறு விஷயத்தில் மட்டும் ஏன் பர்ஸைத் திறக்கிறோம்?

அடுத்த தடவை வீட்டில் அந்த டப்பாவைப் பார்த்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? இதற்காக எந்த மாத்திரையையாவது நிறுத்தச் சொன்னீர்களா? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நஷ்டம் காசோடு போகும். இரண்டாவதற்கு "ஆமாம்" என்றால், தயவுசெய்து அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வலி மாத்திரையோ வேறு எந்த மாத்திரையோ, டாக்டர் எழுதிக்கொடுத்ததை இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அப்புறம் எனக்கும் பவுடர்காரருக்கும் என்ன வித்தியாசம்?