பேரை மாத்தாதீங்க, பாரத்தை மட்டும் வாங்கிக்கோங்க

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். கவிதை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே தப்பிச்சுக்கலாம் :-)

விண்டோஸ், மேக் எல்லாத்துக்கும் அடியில ஒரு ஏபிஐ இருக்கு. ஜன்னலைத் திற, பொத்தானை வை, விசைப்பலகையைக் கவனின்னு நிரல்கள் இயங்குதளத்தைக் கேட்கிற வழி. சி, ஆப்ஜெக்டிவ்-சி மாதிரி மொழிக்காரங்களை மனசுல வெச்சு அமைச்சது. நம்மள மாதிரி ஞாயிற்றுக்கிழமை நிரலர்களுக்காக பைத்தான், ரூபியில அதுக்கு மேல ஒரு உறை போட்டுத் தர்றாங்க சில புண்ணியவான்கள். அந்த உறை எப்படி இருக்கணும்கிறதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதைத்தான் தலைப்புல போட்டிருக்கேன்.

மேக்குக்கான பைஆப்ஜெக்சியை எடுத்துக்கோங்க. ஆப்ஜெக்டிவ்-சியில் ஒரு மெத்தட் பேர் 'செட்ஆப்ஜெக்ட்:ஃபார்கீ:'. பைத்தானில் பேருக்கு நடுவுல முக்காற்புள்ளி வரக் கூடாது. அதனால ஒவ்வொரு முக்காற்புள்ளிக்கும் ஒரு அடிக்கோடு: 'செட்ஆப்ஜெக்ட்_ஃபார்கீ_'. கடைசியில தொங்குற அந்த அடிக்கோட்டைப் பார்த்தா பைத்தான் ஆளுங்களுக்கு முகம் சுளிக்கும். அழகா மாத்திக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? ஆப்பிள் எழுதி வெச்ச அத்தனை ஆவணமும் நமக்கு உதவாமப் போயிருக்கும், அதான் குறை. இப்ப விதி ஒண்ணே ஒண்ணு. அது தெரிஞ்சா எந்தப் பக்கத்தைப் படிச்சாலும் அப்படியே பைத்தானில் எழுதிடலாம்.

2005-ல் ஆப்பிள் தன்னோட கோகோ-ஜாவா பாலத்தில் இனி புது வசதி கிடையாதுன்னு கை கழுவிடுச்சு. 2007-ல் லெப்பர்ட் வந்தப்ப பைஆப்ஜெக்சியும் ரூபிகோகோவும் கூடவே வந்துச்சு. 2022-ல் மேக்ஓஎஸ் 12.3 வந்தப்ப, கூட வந்துட்டிருந்த பைத்தான் 2.7-ஐயே தூக்கிட்டாங்க. இத்தனைக்கும் பிறகு பைஆப்ஜெக்சி உயிரோட இருக்கு. ரொனால்ட் ஊசொரன் பல வருஷமா விடாமப் பராமரிக்கிறார். ஆப்பிள் புதுசா எதைக் கொண்டு வந்தாலும் உட்கார்ந்து புதுப் பேர் யோசிக்க வேண்டியதில்ல என்பதும் அதுக்கு ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

சரி, பாரம்னா என்ன? அதுக்கு விண்டோஸ் பக்கம் போகணும். தாமஸ் ஹெல்லர் எழுதின சிடைப்ஸ், 2006-ல் பைத்தான் 2.5-ஓட சேர்ந்து வந்தது. அதை வெச்சு 'மெசேஜ்பாக்ஸ்டபிள்யூ'வை ஒரே வரியில கூப்பிட்டு, 'வணக்கம்'னு தமிழ்லயே ஒரு பெட்டி காட்டலாம். பேர் அசல் பேர்தான், சந்தோஷம். ஆனா பாரம் முழுக்க நம்ம தலையில. திரும்பி வர்ற மதிப்பு எந்த வகைன்னு நாம சொல்லலேன்னா சாதா 32-பிட் எண்ணுன்னு எடுத்துக்கும். 64-பிட் விண்டோஸில் நினைவக முகவரி வந்தா பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

இன்னும் மோசமான ஒண்ணு இருக்கு. தமிழ் தட்டச்சுக்கு நாமளே ஒண்ணு எழுதலாம்னு விசைப்பலகையில கொக்கி போடுறோம்னு வைங்க. 'விசை அழுத்தினா இதைக் கூப்பிடு'ன்னு நம்ம பைத்தான் ஃபங்ஷனை சிடைப்ஸ்ல சுத்தி விண்டோஸ் கையில குடுக்கிறோம். நிரல்ல எங்கேயும் அதைப் பிடிச்சு வைக்கலேன்னா, இது யாருக்கும் வேண்டாம்போலன்னு பைத்தான் குப்பையில போட்டுடும். விண்டோஸுக்கு எப்படித் தெரியும் பாவம்? அடுத்த விசையை அழுத்தினதும் காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டும். நிரல் அவுட். உறைங்கிறது இதையெல்லாம் தான் வாங்கிக்கணும்: நினைவகம், எழுத்துச்சரம், பிழை எண்.

ஒழுங்காச் செஞ்சவங்களும் இருக்காங்க. க்யூடி இயங்குதள ஏபிஐ இல்ல, சி++ நூலகம். ஆனா கதை அதேதான். முன்னெல்லாம் பைக்யூடியில் பொத்தானை அழுத்தினா என்ன நடக்கணும்னு சொல்ல, சி++ வாடை அடிக்கிற மாதிரி 'கிளிக்ட்()'னு மேற்கோள் குறிக்குள்ள எழுதணும். 2009-ல் வந்த 4.5-ல் 'கிளிக்ட்.கனெக்ட்'னு பைத்தானா எழுதலாம்னு ஆச்சு. க்யூபுஷ்பட்டன் மட்டும் கடைசிவரை க்யூபுஷ்பட்டன்தான். இதுதான் மரியாதை.

எதிர்ப்பக்கம் 2018-ல் வந்த பைசிம்பிள்ஜியுஐ. டிகேஇன்டரில் 'லேபிள்'னு இருக்கிறது இங்க 'டெக்ஸ்ட்', 'என்ட்ரி' இங்க 'இன்புட்'. பத்தே வரியில ஜன்னல் வந்துடும், அதை மறுக்கல. அடியில இருக்கிற அசலைத் தொட வழியும் வெச்சிருந்தாங்க. ஆனா ஆரம்பத்திலேயே இதுல இறங்கினவங்களுக்கு அந்தக் கதவு இருக்கிறதே தெரியாது. 2024-ல் ஐந்தாம் பதிப்புல வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமம்னு மாத்தினாங்க. அவங்க உழைப்பு, அவங்க விலை, தப்பே இல்ல. ஆனா டிகேஇன்டர் பக்கம் திரும்பிப் போக நினைச்சவங்க கையில இருந்த பேர் எதுவும் அங்க செல்லாது. திரும்ப அனா ஆவன்னாதான்.

உறை எழுதுற புண்ணியவான் யாராவது இதைப் படிச்சா ஒரு சின்ன வேண்டுகோள்: உங்க ஃபங்ஷனுக்கு எழுதுற ரெண்டு வரி விளக்கத்துல, அடியில நீங்க கூப்பிடுற அசல் ஃபங்ஷன் பேரையும் போட்டு வைங்க சாமி. தேடிப் படிச்சுக்கிறோம்.