ஆளில்லாத துறை என்று ஒன்றில்லை

கமக்காரருக்கும் உல்லாசப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சொந்தமாகப் பாய்ப்படகு வைத்திருந்து, கோடை விடுமுறையில் அதை வடக்கே பனிக்கடலை நோக்கி ஓட்டிச் செல்லும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கைப் பற்றி, ஊரையும் காணியையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு எழுதுவதில் என்ன பயன்? பயன் உண்டு என்றே எண்ணுகிறோம். அப்படகுகள் நங்கூரம் பாய்ச்சும் துறைகளிற் சில, ஒரு காலத்தில் மக்கள் வாழ்ந்த ஊர்கள். அம்மக்கள் தம் விருப்பப்படி அவ்வூர்களை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் லபிறடோர் என்றொரு நிலம் உண்டு. அதன் கரையில் வடக்கே போகப் போக மரங்கள் குறைந்து, பின் இல்லாமலே போய்விடுகின்றன. 1,600 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலைகளும், அவற்றிடையே நெடுந்தூரம் உள்ளே நுழையும் ஒடுங்கிய கடல்வாய்களும், எண்ணற்ற தீவுகளும் அங்குண்டு. இனுயிற் மக்களின் தாயகம் அது. அக்கரையில் இன்று வடகோடியில் உள்ள ஊர் நயீன். அதற்கு வீதித் தொடர்பு இல்லை. வானூர்தியில் வரலாம், கோடையிற் கப்பலில் வரலாம். நயீனுக்கு வடக்கே, கரை முடியும் முனை வரை, 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கு நிரந்தரமான ஊர் ஒன்றேனும் இல்லை. எரிபொருள் கிடையாது, கடை கிடையாது. அதனாற்றான் அந்தக் கரை படகுக்காரரைக் கவருகிறது.

பயணம் செய்யக்கூடிய காலம் மிகக் குறுகியது. கடற்பனி உடைந்து விலகும் ஜூலைப் பிற்பகுதியிலிருந்து, காற்றுக் கடுமையாகும் செப்டெம்பர் தொடக்கம் வரை எனலாம். அப்போதும் கிறீன்லாந்துப் பக்கத்திலிருந்து நீரோட்டத்தோடு மிதந்துவரும் பனிமலைகளுக்கும் திடீரென மூடும் மூடுபனிக்கும் அஞ்சியே ஓடவேண்டும். கடற்படங்களில் ஆழம் குறிக்கப்படாத இடங்கள் பல. பாறை எங்கே மறைந்திருக்கிறது என்பது படகு முட்டிய பின்புதான் தெரியவரும்.

இவற்றைவிடக் கடினமானது இரவு தங்க இடம் தேடுவது. நங்கூரம் போடுவது ஒரு கல்லை நீருக்குள் எறிவது போன்ற காரியம் அல்ல. இன்றைய சிறு படகுகளிற் பல தாங்கிச் செல்லும் நங்கூரம் ஒன்று, 1933 இல் ஜெஃப்றி ரெயிலர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆக்கியது. அதன் உருவம் கலப்பைக் கொழுவின் உருவம். படகு பின்னோக்கி இழுக்க இழுக்க, அது உழுவதுபோல் நிலத்துள் இறங்கிப் பிடிக்கும். கயிறு நிமிர்ந்து நின்றால் கொழு மேலே கிளம்பிவிடும். ஆகவே 10 மீற்றர் ஆழத்துக்கு 50 மீற்றருக்குக் குறையாமல் கயிறு விடவேண்டும். கல் நிறைந்த தரையிற் கலப்பை என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடல்வாய்களில் தரையும் அப்படித்தான். கரைக்கு அருகிலேயே ஆழம் கிடுகிடுவென்று இறங்கும். ஆழங் குறைந்த இடத்திற் பாறையும் கடற்பாசியும் கொழுவை இறங்கவிடா. இரவில் மலையிலிருந்து காற்றுத் திடீரென இறங்கி அடித்தால், பிடி விட்டுப்போன படகு விடிவதற்குள் கல்லில் ஏறியிருக்கும்.

எனவே நல்ல துறை என்றால் அதற்குச் சில இலட்சணங்கள் வேண்டும். அளவான ஆழம், பிடிக்கக்கூடிய தரை, காற்றை மறைக்கும் மேடு, பக்கத்தில் நன்னீர். இவ்வளவும் சேர்ந்த இடம் மனிதன் குடியிருப்பதற்கும் நல்ல இடம். படகுக்காரர் இன்று தேடிக் கண்டுபிடிக்கும் துறையை, இனுயிற் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே கடல்நாய் வரும், எங்கே மீன் ஏறும், எந்தக் காற்றுக்கு எந்தக் குடா மறைப்பு என்று அறிந்து, பருவத்துக்குப் பருவம் வாடி மாற்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். கரையிறங்கிப் பார்ப்பவருக்குப் புல் மூடிய வீட்டுக் குழிகளும் கல்லடுக்கிய புதைகுழிகளும் தென்படும். ஆகவே அத்தகைய ஒரு துறையைப் பற்றி ஒருவர், "ஆளரவமற்ற இடம், நாமே முதலில் வந்தவர்கள் போல் இருந்தது" என்று பேசினால் அது அறியாமை. பாழடைந்த வீட்டு முற்றத்துக் கிணற்றில் நீர் அள்ளிக் குடித்துவிட்டு, இங்கே இயற்கையாக ஒரு நல்ல கிணறு இருக்கிறது என்பது போன்றது அது.

அத்தகைய துறைகளில் ஒன்று எபிரோன். நயீனுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றரில் உள்ளது. ஜேர்மனியிலிருந்து வந்த மொறேவியன் சபையார் 1771 இல் நயீனையும், 1776 இல் ஓக்காக்கையும், 1830 அளவில் எபிரோனையும் நிறுவினர். நயீனுக்கும் எபிரோனுக்கும் வேதாகமத்திலிருந்தே பெயரிட்டனர். ஜேர்மனியில் அறுத்துப் பொருத்திப் பார்த்த மரச்சட்டங்களைக் கப்பலில் ஏற்றிவந்து, கோவிலும் குருமனையும் களஞ்சியமும் ஒரே தொடராக அமைந்த நீண்ட கட்டடத்தை எழுப்பினர். அது இன்றும் கடலிலிருந்து தெரியும் அடையாளமாக நிற்கிறது.

கடல்வழி நன்மையும் வந்தது, தீமையும் வந்தது. 1918 அக்டோபரில் சபையின் கப்பல் எபிரோனுக்குப் பொருட்களோடு விஷக்காய்ச்சலையும் கொண்டுவந்தது. அவ்வூரில் இருந்த 100 பேரில் 86 பேர் இறந்தனர். ஓக்காக்கில் 263 பேரில் 204 பேர் மாண்டனர். மறு ஆண்டே ஓக்காக் கைவிடப்பட்டது. தப்பியவர்கள் வேறிடங்களிற் சேர்ந்தனர். பின்னர் ஓக்காக்குக்கு அருகே நூட்டாக் என்ற சிற்றூர் தளிர்த்தது. அழிந்தும் மீண்டும் அக்கரையிலேயே ஊன்றிய மக்கள் அவர்கள்.

கொள்ளைநோய் செய்யாததை ஓர் அறிவித்தல் செய்தது. 1956 இல் நூட்டாக் மூடப்பட்டது. 1959 இல் எபிரோன் மூடப்பட்டது. மாகாண அரசும், வைத்தியம் பார்த்த அமைப்பும், சபையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. விறகு தட்டுப்பாடு, வீடுகள் நெருக்கம், நோய் மிகுதி, தூரத்து ஊருக்குச் செலவு அதிகம் என்று காரணங்கள் கூறப்பட்டன. அவற்றிற் சில உண்மையான குறைகளே. ஆனால் அங்கிருந்த இருநூறுக்கு மேற்பட்ட மக்களிடம், போக விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. செய்தி கோவிலுக்குள்ளேயே அறிவிக்கப்பட்டது. கோவிலுக்குள் எதிர்த்துப் பேசுவது அவர்கள் வழக்கம் அல்ல. மெளனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. திருச்சபையின் ஏட்டில் எழுதுகிறோம் என்பதற்காக இதனை மறைத்து எழுத முடியாது. நல்லெண்ணம் உள்ளவர்களும், கேளாமல் முடிவு செய்தால், அநீதி செய்துவிடுவார்கள்.

போன இடத்தில் நிகழ்ந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். சொன்னபடி வீடுகள் ஆயத்தமாயிருக்கவில்லை. ஓர் ஊரவராய் இருந்தவர்கள் நயீன், ஹோப்டேல், மக்கோவிக் என்று பிரிக்கப்பட்டனர். உறவு சிதறியது. புதிய ஊரில் அவர்களுக்கு ஒதுக்குப்புறமான இடம். வந்தான் வரத்தான் என்ற பார்வை. நல்ல மீன்பிடி இடங்கள் ஏற்கெனவே அவ்வூர்க் குடும்பங்களுக்கு உரியவை. எந்தக் குடாவில் எந்த மாதத்தில் என்ன கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வேட்டைக்காரன், புதிய கரையில் வழி தெரியாத பிள்ளையாகிப் போனான். செம்மண்ணில் தோட்டம் செய்து பழகியவனை முன்பின் அறியாத நிலத்தில் விட்டு, காணி தந்தாயிற்றே என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. கட்டடம் மட்டும் பின்னர் தேசிய வரலாற்றிடமாகப் பாதுகாக்கப்பட்டது!

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1973 இல் லபிறடோர் இனுயிற் மக்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். முதியவர்களையும் வேட்டைக்காரரையும் இருத்தி, நிலப்படங்களை விரித்து வைத்து, யார் எங்கே சென்றார், எங்கே வாடியடித்தார், எதை எங்கே பிடித்தார், அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுக் குறித்தனர். அது 1977 இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டே நில உரிமைக் கோரிக்கையும் சமர்ப்பிக்கப்பட்டது. 28 ஆண்டுகள் சென்றன. 2005 ஜனவரி 22 ஆந் திகதி நயீனில் உடன்படிக்கை கைச்சாத்தானது. எபிரோன், நூட்டாக் மக்களிடம் மாகாண முதல்வர் டானி வில்லியம்ஸ் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டே நுனாற்சியாவுற் என்ற சுயாட்சி அரசு அமைந்தது. 2009 ஓகஸ்ற்றில் எபிரோனில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அரசின் மன்னிப்புக் கோரலோடு, அதனை அம்மக்கள் ஏற்றுக்கொண்ட வாசகமும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னிப்பதா இல்லையா என்று தீர்மானித்தவர்களும் அவர்களே என்பதற்கு அது சாட்சி.

இப்போது படகுக்காரருக்கு வருவோம். எபிரோனுக்கு வடக்கே உள்ள ரோர்ன்காற் மலைத் தேசியப் பூங்கா அம்மக்களின் உடன்பாட்டோடு அமைந்தது; அதன் நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு. அங்கே செல்பவர் பதிவு செய்யவேண்டும். வெண்கரடி நடமாடும் இடமாதலால், கரையேறும்போது பயிற்சி பெற்ற இனுயிற் காவலரை உடன் அழைத்துச் செல்லுமாறு நிர்வாகம் வற்புறுத்துகிறது. பழம்பொருட்களை எடுத்துச் செல்வது குற்றம். எபிரோனிலும் கோடைக் காலங்களில், அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் தங்கிக் காவல் செய்து, வரும் படகுகளை வரவேற்றிருக்கின்றனர்.

இது தேவையற்ற கெடுபிடி என்று சிலர் கருதலாம். கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஓரிரவு நங்கூரம் பாய்ச்சிப் போகிறவன் யாருடைய காணியையும் பிடுங்குவதில்லை என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. படகுக்காரர் அம்மக்களை விரட்டியவர்கள் அல்லர். அவர்கள் வருவதால் வழிகாட்டும் இளைஞருக்குத் தொழிலும் கிடைக்கிறது. வரவேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் வருகிறவன் கேட்டு வரவேண்டும். ஆயுள் முழுதும் அங்கு வாழ்ந்தவர்களைக் கேளாமல் அகற்றினார்கள். அதே இடத்துக்குள் கேளாமல் நுழைவது, அந்தப் பழைய பிழையைச் சிறிதாக மீண்டும் செய்வதாகும். விருந்தினனை "வாருங்கள்" என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரனுடையது. வீட்டில் அவன் இன்று இல்லாவிட்டாலும் அந்த உரிமை அவனைவிட்டுப் போவதில்லை.

நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. அம்மக்களிடம் காணி உறுதிகள் இருக்கவில்லை. இருந்தவை நினைவும் பெயர்களும்தான். அவற்றை முதியவர்கள் உயிரோடிருக்கையில் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்தே பின்னர் அரசின் முன் சாட்சியாக நின்றது.

நம்மிடமும் அத்தகைய சொத்து இருக்கிறது. ஊர் திரும்பியவர்களும் இன்னும் திரும்பாதவர்களும் இதனைச் செய்யலாம். ஒரு பயிற்சிக் கொப்பி போதும். வீட்டில் உள்ள பாட்டாவையும் ஆச்சியையும் இருத்திக் கேளுங்கள். உங்கள் வயலுக்கு என்ன பெயர்? எல்லையில் யார் யாருடைய காணி? வேலியில் நின்ற மரம் எது? எந்தக் கிணற்றில் நன்னீர், எதில் உவர்? குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலால் யாருக்கு முதலில் பாயும்? மாடு எந்த ஒழுங்கையாற் போகும்? கரையோரத்தவராயின் வள்ளம் விட்ட துறை எது, எந்தக் காற்றுக்கு எது ஒதுக்கு? பிள்ளைகளைக் கொண்டு படம் கீறுவியுங்கள். திகதியும் சொன்னவர் பெயரும் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டிற் பத்திரமாய் வையுங்கள்.

உடனே காணி கிடைத்துவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. லபிறடோரில் 28 ஆண்டுகள் சென்றன. கோரிக்கை எழுதியவர்களிற் பலர் முடிவைக் காணவில்லை. ஆனாலும், நாளை யாரோ ஒருவர் நம் ஊருக்கு வந்து "இங்கே ஒருவரும் இருக்கவில்லை" என்று சொன்னால், அந்தக் கொப்பியை எடுத்து அவர் முன் விரிக்க நம் பிள்ளைகளால் இயலும்.