'மஞ்சள் கடுதாசி' கொடுத்தால் வரிப் பாக்கி தீருமா? சித்தூர், திருப்பதி சுயதொழில்காரர்களுக்கு ஒரு விளக்கம்

ஒருவர் கடனில் மூழ்கிவிட்டால் தமிழ்நாட்டில் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்' என்போம். எல்லை தாண்டி சித்தூர் பக்கம் போனால் அதே ஆளைப் பற்றி தெலுங்கில் 'ஐபி பெட்டாடு' என்பார்கள். ஐபி என்றால் இன்சால்வன்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு. நகரி, குப்பம் மாதிரி இரண்டு மொழியும் புழங்கும் ஊர்களில் இரண்டுமே காதில் விழும். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: கோர்ட்டுக்குப் போய் 'என்கிட்ட எதுவும் இல்லை' என்று கையை விரித்துவிட்டால் கடன் தீர்ந்தது.

கைமாத்து, பேங்க் லோன், சப்ளையர் பாக்கி போன்றவற்றுக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் வருமான வரி, ஜிஎஸ்டி பாக்கிக்கு அது செல்லாது. திருப்பதியில் டிராவல்ஸ் நடத்துபவர், சித்தூரில் இருந்து சென்னை கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர் என்று சொந்தக் காலில் நிற்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் திவால் மனு காப்பாற்றும் என்று காத்திருக்கும் நாட்களில்தான், உண்மையில் உதவக்கூடிய கெடுக்கள் கடந்து போகின்றன.

எந்தச் சட்டம் பொருந்தும்?

2016-ல் வந்த திவால் சட்டம், அதாவது ஐபிசி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. ஆனால் அந்தப் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு பிரிவினருக்கு மட்டும் அமலுக்கு வந்தது: கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்கள். கடை வைத்திருப்பவர், ஃப்ரீலான்ஸர், கான்ட்ராக்டர் ஆகியோருக்கு அது இன்னும் திறக்கப்படவில்லை.

அதனால் சித்தூர், திருப்பதியில் ஒரு தனிநபர் திவால் மனு போட்டால் பொருந்துவது 1920-ம் வருட மாகாண திவால் சட்டம். மனு போவது மாவட்ட நீதிமன்றத்துக்கு. எவ்வளவு கடன் இருந்தால் மனு போடலாம்? சட்டத்தில் இன்றும் இருக்கும் தொகை 500 ரூபாய். சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கு மட்டும் 1909-ம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது.

1920 சட்டத்தின் 44-வது பிரிவுதான் இங்கே முக்கியம். திவாலானவருக்கு நீதிமன்றம் விடுவிப்பு ஆணை கொடுத்தாலும் சில கடன்கள் தீராது என்று அது பட்டியல் போடுகிறது. மோசடியால் வந்த கடன் அதில் இருக்கிறது. ஜீவனாம்சம் இருக்கிறது. பட்டியலில் முதலாவதாக இருப்பது, அரசுக்குத் தர வேண்டிய கடன். 1909 சட்டத்திலும் இதே விதி உண்டு. அதோடு, திவாலானவரின் சொத்தை விற்றுப் பங்கு பிரிக்கும்போதும் அரசுக்குத்தான் முன்னுரிமை.

சுருக்கமாகச் சொன்னால், நண்பரிடம் வாங்கிய 2 லட்சம் தள்ளுபடி ஆகலாம். வரித்துறைக்குத் தர வேண்டிய 2 லட்சம் அப்படியே நிற்கும்.

2016 சட்டம் வந்தால் என்ன மாறும்?

நிறைய மாறும். ஐபிசியின் மூன்றாம் பாகத்தில் தீராத கடன்களின் பட்டியல் வேறு: கோர்ட் விதித்த அபராதம், சில வகை நஷ்டஈடு, ஜீவனாம்சம், கல்விக் கடன். அதில் வரி இல்லை. சொத்தைப் பிரிக்கும் வரிசையிலும் அரசு பின்னால் போகிறது. நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கியவர்கள், மற்ற ஊழியர் சம்பளம் எல்லாம் கழிந்த பிறகுதான் இரண்டு ஆண்டு அரசு பாக்கி வரும். திவால் நடவடிக்கை தொடங்கி ஓராண்டில் விடுவிப்பு கிடைக்கவும் வழி இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அங்கே வருமான வரிப் பாக்கியையும் திவால் கணக்கில் சேர்க்கலாம், பொதுவாக 12 மாதத்தில் விடுதலை. இந்தியாவில் அதே மாதிரியான விதி புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. அதை எல்லாருக்கும் அமலாக்க புதுச் சட்டம் தேவையில்லை, மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். அது வரும்வரை திருப்பதி ஃப்ரீலான்ஸருக்கு 1920-தான்.

சின்ன வியாபாரிக்கு இவ்வளவு பாக்கி எப்படி சேரும்?

ஒரு உதாரணக் கணக்கு. திருப்பதியில் கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2022-23-ல் மொத்த வரவு 30 லட்சம், எல்லாமே யுபிஐ, பேங்க் வழியாக. முந்தைய ஆண்டே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். அவர் பதிவு செய்யவில்லை.

வருமான வரியில், வரவில் குறைந்தபட்சம் 6% லாபம் என்று காட்டும் எளிய முறை உண்டு. 6% என்றால் 1.8 லட்சம். அதற்கு வரி பூஜ்யம். 'நமக்கு வரியே வராது' என்ற நினைப்பு இங்கிருந்துதான் வருகிறது.

ஜிஎஸ்டி லாபத்தைப் பார்ப்பதில்லை, விற்றுமுதலைப் பார்க்கிறது. உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை என்று வைத்தால்:

- 30 லட்சத்துக்கு 18%: ரூ.5,40,000
- ஆண்டுக்கு 18% வட்டி, மூன்று ஆண்டு தாமதத்துக்கு: ரூ.2,91,600
- மோசடி இல்லாத வழக்கில் 10% அபராதம்: ரூ.54,000
- மொத்தம்: ரூ.8,85,600

இது ஒரே ஒரு வருடத்துக்கு. வாடிக்கையாளரிடம் அவர் இந்த வரியை வசூலிக்கவே இல்லை என்பதால் முழுக்க கைக்காசு. அதே ஆள் நேரத்தில் பதிவு செய்து, 50 லட்சம் வரையிலான சேவைத் தொழிலுக்கான 6% திட்டத்தில் சேர்ந்திருந்தால், கட்ட வேண்டியிருந்தது 1.8 லட்சம் மட்டும்.

சரக்கு விற்பவர்களுக்கு ஆந்திராவில் வரம்பு 40 லட்சம். ஆனால் எல்லையோர ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. வரி விதிக்கத்தக்க சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், கைவினைப் பொருள் மாதிரி சில விலக்குகள் தவிர, முதல் ரூபாயில் இருந்தே பதிவு கட்டாயம். நகரியில் இருந்து திருத்தணிக்குத் துணி அனுப்புவது பக்கத்து ஊருக்கு அனுப்புவது மாதிரிதான் தெரியும். ஜிஎஸ்டி கணக்கில் அது மாநிலம் விட்டு மாநிலம்.

இந்த மாதிரி பழைய பாக்கி திடீரென்று தலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று 2025 ஜூலையில் பக்கத்து கர்நாடகாவில் பார்த்தோம். யுபிஐ வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்தது 29 லட்ச ரூபாய்க்கு. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது வேறு விஷயம். போராட்டம் வெடித்த பிறகு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனி பதிவு செய்து கட்டுங்கள் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். அந்த வியாபாரிகளுக்குக் கிடைத்த நிவாரணம் திவால் சட்டத்தில் இருந்து வரவில்லை, ஓர் அரசியல் முடிவில் இருந்து வந்தது.

கட்டவில்லை என்றால் ஜெயிலா?

முதலில் நடப்பது பேங்க் கணக்கு முடக்கம். அடுத்து, உங்களுக்குப் பணம் தர வேண்டியவருக்கே நோட்டீஸ் போகும்: 'அவருக்குத் தராதே, எங்களுக்குக் கட்டு'. வருமான வரித்துறைக்கும் ஜிஎஸ்டி துறைக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஃப்ரீலான்ஸருக்கு இது சொத்து ஜப்தியைவிட மோசமான அடி. ஒரே நாளில் கிளையன்ட்டும் போவார், பெயரும் போகும்.

அதன் பிறகுதான் சொத்து விற்பனை. ஜிஎஸ்டி பாக்கியை நிலவரிப் பாக்கி போல கலெக்டர் மூலமும் வசூலிக்கலாம். ஆந்திராவில் அதற்கான வருவாய் மீட்புச் சட்டம் 1864-ம் வருடத்தது. சித்தூர் 1953 வரை மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது, சட்டமும் மெட்ராஸ் சட்டம்தான். சொத்தை விற்றும் பாக்கி தீராமல், வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறார் அல்லது மோசடி செய்கிறார் என்று கலெக்டர் நம்பக் காரணம் இருந்தால், கைது செய்ய அதன் 48-வது பிரிவு இடம் தருகிறது. வருமான வரிப் பாக்கிக்காக இந்தப் பிரிவில் கைதான ஒருவரின் வழக்கு, மலபார் கலெக்டர் வழக்கு, 1957-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரிவு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

அதே சமயம், 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கட்ட வசதி இல்லாதவரை வெறும் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது, கெட்ட எண்ணம் நிரூபணமாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது பேங்க் கடன் வழக்கு. ஆனால் வரி விதிகளும் இதே கோட்டில்தான் போகின்றன: வேண்டுமென்றே ஏய்ப்பதற்கும் இயலாமைக்கும் வித்தியாசம் உண்டு. அதனால்தான் பாக்கி வந்த பிறகு சொத்தை மனைவி பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ மாற்றுவது ஆபத்து. இயலாமையாக இருந்த கேஸ், ஏய்ப்பாக மாறிவிடும்.

அப்படின்னா வெளியேற வழி எங்கே?

வரிச் சட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு.

வருமான வரி டிமாண்ட் வந்தால், பொதுவாக 30 நாள். தாண்டினால் மாதம் 1% வட்டி. அந்த 30 நாளுக்குள் தவணை கேட்டு அதிகாரிக்கு மனு போடலாம். தொகையே தப்பு என்றால் திருத்த மனு அல்லது அப்பீல். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது, சர்ச்சைக்குரிய தொகையில் 20% கட்டினால் மீதியை நிறுத்திவைப்பது 2017-ல் இருந்து நேரடி வரிகள் வாரியத்தின் வழக்கம். உண்மையான கஷ்டம், கைமீறிய காரணம், ஒத்துழைப்பு மூன்றும் இருந்தால் வட்டியைக் குறைக்கவும் கேட்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பிரிவு எண்களை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியில் உத்தரவு வந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அப்பீல், சர்ச்சைக்குரிய வரியில் 10% முன்பணம். தவணை வேண்டுமென்றால் டிஆர்சி-20 படிவம், அதிகபட்சம் 24 மாதத் தவணை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டும். 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்குத் தவணை கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று: ரிட்டர்னில் நீங்களே ஒப்புக்கொண்டு காட்டிய வரிக்கு இந்தத் தவணை கிடைக்காது. அதாவது வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலித்து, அதைக் கடை வாடகைக்கோ சம்பளத்துக்கோ செலவழித்துவிட்டால், தவணைக் கதவும் மூடியிருக்கும். கைக்கு வரும் ஜிஎஸ்டியைத் தனி பேங்க் கணக்கில் போடச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வழி, அரசு அவ்வப்போது அறிவிக்கும் சலுகைத் திட்டங்கள். 2024 இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் இருந்த பழைய நேரடி வரி டிமாண்டுகள் வாபஸ் ஆயின. 2017-18 முதல் 2019-20 வரையிலான மோசடி இல்லாத ஜிஎஸ்டி வழக்குகளில், 2025 மார்ச் 31-க்குள் வரியை மட்டும் கட்டியவர்களுக்கு வட்டியும் அபராதமும் தள்ளுபடி ஆனது. இவை எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. வந்தாலும் அசல் வரியைக் கட்டினால்தான் பெரும்பாலும் பலன்.

கம்பெனியாக மாற்றிவிட்டால்?

தனி உரிமையாளர் தொழிலில் கடையும் ஆளும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. கடை பாக்கி என்றால் வீட்டையும் தொடும். பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் பேங்க் கடனில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் கம்பெனியிடம் வசூலாகாத வரிக்கு, தன் பெரும் அலட்சியம் காரணமில்லை என்று நிரூபிக்காத டைரக்டரிடம் கேட்கலாம் என்று வருமான வரி, ஜிஎஸ்டி சட்டங்கள் இரண்டுமே சொல்கின்றன.

இப்போது கையில் நோட்டீஸ் இருந்தால்?

நோட்டீஸில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு, 30 நாளா மூன்று மாதமா என்று முதலில் பாருங்கள். பேங்க் லோன், வெளிக்கடன், வரிப் பாக்கி மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையோ, கடைசியில் திவால் மனுவோ உதவலாம். மூன்றாவதைத் துறையிடமே பேசித் தீர்க்க வேண்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்து, எதை முதலில் அடைப்பது என்று தெரியாவிட்டால், மஞ்சள் கடுதாசியில் தீராத கடன் எதுவோ அதை முதலில் எடுங்கள்.