டார்ச் அடிச்சுப் பாருங்க பாஸ்!

உங்க பழைய எல்.சி.டி. மானிட்டர் ஆன் பண்ணினதும் ரெண்டு செகண்ட் படம் காட்டிட்டு இருட்டாகிடுதா? பவர் லைட் மட்டும் பச்சையா எரியுதா? 'பேனல் போச்சு தம்பி, எடைக்குப் போட்டுடுங்க'னு கடைக்காரர் சொன்னா, அவசரப்படாதீங்க. என் ரூம்மேட்டுக்கும் அதையேதான் சொன்னாங்க. திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ... பர்ஸ்ல இருந்ததோ மெஸ் பில் காசு!

ரூம் லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல சாய்வா அடிச்சோம். ரீசைக்கிள் பின் மங்கலா தெரிஞ்சுது! அப்போ பேனலுக்கு உயிர் இருக்கு. பின்னாடி வெளிச்சம் தர்ற பேக்லைட்தான் அவுட். 2010-க்கு முந்தைய பெரும்பாலான மானிட்டர்கள்ல அது குச்சி மாதிரி மெல்லிசான டியூப்லைட். அந்த டியூப், அதுக்கு ஹை வோல்டேஜ் தர்ற இன்வெர்ட்டர், பவர் போர்டு கெப்பாசிட்டர்... இந்த மூணு பேர்ல ஒருத்தர்தான் பெரும்பாலும் வில்லன். (ஸ்கிரீன் முழுக்க மஞ்சளடிச்சா அது வேற கதை. வி.ஜி.ஏ. கேபிள்ல நீலத்துக்கான மூணாவது பின் வளைஞ்சிருக்கானு பாருங்க.)

ஸ்க்ரூ டிரைவரோட கிளம்பிடாதீங்க! 230 வோல்ட் ஏ.சி., உள்ளே டி.சி. ஆகும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருக்கும். நாங்க லேப் டெக்னீஷியன் அண்ணாகிட்டதான் சரணடைஞ்சோம். சின்ன கெப்பாசிட்டர் ரெண்டு, தலை வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ், 105 டிகிரி சூடு தாங்கறதா வாங்கிட்டு வரச் சொல்லி, பிளஸ் மைனஸ் பார்த்து மாத்தினார். மெஸ் பில் தப்பிச்சுது.

ரிவ்யூல மானிட்டர் அணையவே இல்லை. புரோகிராம்தான் ரெண்டு தடவை ஹேங் ஆச்சு. அதுக்கு எங்கே டார்ச் அடிக்கிறது?