கோட்டை நிலையமும் வடபாதையும்

கொழும்பு மாநகரின் தலைமைப் புகையிரத நிலையத்துக்குக் கோட்டை என்று பெயர். ஆயினும் அது நிற்பதோ புறக்கோட்டையில். ஆட்சியாளர் வாழ்ந்த இடத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு, மக்கள் வாணிபஞ் செய்யும் இடத்தில் அது நிற்கின்றது. அந்நிலையத்தின் வரலாறும் அவ்வாறே. ஆட்சியாளரின் தேவைக்காகத் தோன்றிய பாதை, காலப்போக்கில் மக்களின் உடைமையாயிற்று.

இலங்கைக்குப் புகையிரதம் வந்தது கோப்பிக்காக. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்கு மாட்டுவண்டிகளில் கோப்பியைக் கொண்டுசேர்ப்பதற்குப் பல நாட்கள் சென்றன. அத்தொல்லையை நீக்கவே பாதை அமைக்கப்பட்டது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டிற்று. கோப்பி நோயால் அழிந்தபோது அதே பாதை தேயிலையைச் சுமந்தது. 1905இல் வடபாதை காங்கேசன்துறையை அடைந்தது. இன்று நாம் காணும் கோட்டை நிலையக் கட்டடம் 1917இல் எழுந்தது. மான்செஸ்டர் நகரின் விக்டோரியா நிலையத்தை மாதிரியாகக் கொண்டது என்பர்.

இந்நிலையம் பாதைகள் முடிவடையும் இடமன்று. ஊடறுத்துச் செல்லும் இடம். தெற்கே காலி, மாத்தறைக் கரையோரப் பாதை. கிழக்கே மருதானை வழியாக மலைநாட்டுக்கும் வடக்குக்கும் கீழ்மாகாணத்துக்கும் புத்தளத்துக்கும் செல்லும் பாதைகள். இவையாவும் மருதானைக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட சிறு தூரத்துக்குள் வந்து நெருங்குகின்றன. காலையில் அலுவலகஞ் செல்வோரை ஏற்றிவரும் வண்டிகளும் நெடுந்தூர வண்டிகளும் அதே தண்டவாளங்களுக்காகக் காத்து நிற்கின்றன. வடபாதையோ பொல்காவலையில் பிரிந்தபின் ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒரு நிலையத்தில் தங்கினால், அத்தாமதம் அடுத்தடுத்த நிலையங்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

எனினும் இக்கட்டுரையில் நாம் கருதுவது வண்டி பிந்துவதையன்று. வண்டி எதுவரை செல்கின்றது என்பதையே. கோட்டை நிலையத்துக் கால அட்டவணையை ஆண்டுதோறும் சேர்த்துவைத்துப் படிப்பவனுக்கு வேறு சரித்திர நூல் அதிகம் வேண்டியதில்லை.

1914இல் தலைமன்னார்ப் பாதையும் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டன. கொழும்பில் வண்டியேறியவர் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் வண்டியேறிச் சென்னை சேர்ந்தார். வண்டியும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் போரினால் நின்றது.

1956 ஏப்ரல் 23ஆந் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. தலைநகரையும் வடபுலத்தையும் ஒரு பகற்பொழுதுக்குள் இணைத்த வண்டி அது. அவ்வாண்டு ஜூனிலேயே தனிச்சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. தண்டவாளம் இணைத்ததைச் சட்டம் பிரித்தது. 1958இலும் 1983இலும் கொழும்பிலிருந்த தமிழ் அகதிகள் வடக்கே சென்றது கப்பலில். புகையிரதப் பாதை இருந்தும், அவ்வழியே அச்சமின்றிப் பயணஞ்செய்யும் நிலை இருக்கவில்லை. ஒரே தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தன் குடிமக்களைக் கடல் வழியாக அனுப்பவேண்டிய நிலை எந்த அரசுக்கும் பெருமை தருவதன்று.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. அதன் பின் பெயர் மட்டும் யாழ்தேவியாக இருக்க, பயணம் வவுனியாவோடு முடிந்தது. 2008 பெப்ரவரி 3ஆந் திகதி கோட்டை நிலையத்து மேடையிலேயே குண்டு வெடித்துப் பாடசாலை மாணவர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். போரின் துயர் பாதையின் இரு முனைகளிலும் ஒன்றாகவே இருந்தது.

2014 அக்டோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னாருக்கும் வண்டி மீண்டது. ஒரு தலைமுறை முழுவதும் புகையிரதத்தையே காணாது வளர்ந்திருந்த யாழ்ப்பாணத்தில், அந்த வண்டியைப் பார்க்கவே மக்கள் திரண்டனர். ஆனால் 2023 ஜனவரியில் திருத்த வேலைக்காக அநுராதபுரம் - ஓமந்தைப் பகுதி மூடப்பட்டு யூலையில் திறக்கப்பட்டது. 2024இல் மாகோ - அநுராதபுரம் பகுதி மூடப்பட்டது. திருத்தம் வேண்டியதே, அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு ஒவ்வொரு மூடலும் பழைய நினைவையே எழுப்புகின்றது என்பதை அதிகாரிகள் உணரல் வேண்டும். மூடும் நாளோடு திறக்கும் நாளையும் முன்கூட்டியே அறிவித்து அதைக் காப்பாற்றுவதே நம்பிக்கையை வளர்க்கும்.

இன்னொன்றும் உண்டு. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கி, விரைவில் தடைப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. காங்கேசன்துறையில் துறைமுகமும் புகையிரத நிலையமும் அருகருகே உள்ளன. 1914இல் செய்தது போல, கப்பலின் நேரத்துக்கு வண்டியும் வண்டியின் நேரத்துக்குக் கப்பலும் காத்து நிற்க ஏற்பாடு செய்தல் புதுமையான காரியமன்று. கோட்டை நிலையத்தில் ஒரே சீட்டைப் பெற்றுக் கடல் கடக்கும் வசதியை நம் பாட்டன்மார் அனுபவித்திருக்கின்றனர்.

அந்நியன் தன் கோப்பிக்காகப் போட்ட பாதை இது. அவனுக்குச் சரக்குத் துறைமுகத்தை அடைந்தாற் போதும். நமக்கோ மனிதர் மனிதரை அடைய வேண்டும். வடக்கே செல்லும் வண்டி எவருக்கும் அளிக்கப்படும் சலுகையன்று. மாத்தறைக்கும் பதுளைக்கும் செல்லும் வண்டியைப் போல அதுவும் நாட்டின் அன்றாடக் கடமை. அவ்வண்டி புறப்படுவது செய்தியாகாத காலம் வரும்போதே பாதை உண்மையில் திறந்துவிட்டது என்று நாம் சொல்லலாம்.